வேலிப் பொட்டும் கூரைப் பொட்டும்



கிணறு, அடுப்படி, மலசலகூடம் என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியாக இப்பக்கத்தில் பேசி வந்திருக்கின்றோம். இம்முறை தலைக்கு மேலே பார்ப்போம். "வீடு கிடைச்சிட்டுது அக்கா, ஆனால் மத்தியானத்திலை உள்ளுக்கை இருக்கேலாமல் கிடக்கு." இந்தச் சொல்லை நான் கேட்காத கிராமம் இல்லை. கல்வீடு கட்டி, தகரமோ சீற்றோ போட்டு, அதற்குக் கீழே கடன்பட்டு சீலிங்கும் அடித்த பின்னரும் பகல் முழுவதும் வேப்பமரத்தடியில் பாய் விரித்து இருக்கின்ற குடும்பங்கள் பல.

நாங்கள் தறப்பாளுக்குக் கீழ் இருந்தவர்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் தகரக் கொட்டில்களில் வெந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அடுத்த மாதமே, ஒக்ரோபர் 2 ஆம் திகதி, வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் பகுதி ஆரம்பமானது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை நகர நகரத் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், பயனாளி தானே பொறுப்பாக நின்று கட்ட வேண்டும் என்பது அதன் முறை. அதற்கு முன்னும் பின்னும் வேறு திட்டங்களும் வந்தன. பல வீடுகளில் அந்தப் பணம் கூரையோடு முடிந்துவிட்டது. சீலிங் என்பது பிறகு சீட்டுப் பிடித்தும், வெளிநாட்டுச் சகோதரம் அனுப்பியும், தையல் காசு மிச்சம் பிடித்தும் போடுகின்ற வேலை. அந்தக் காசுக்கு உரிய வேலை மேலே நடந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இம்மாதக் கட்டுரை.

நான் மேசனும் அல்ல, பொறியியலாளரும் அல்ல. மாதர் சங்க வேலையாக வீடு வீடாகப் போய், ஏணி வைத்து ஏறிப் பார்த்துப் பழகியவள். அப்படிப் பார்த்ததில் எனக்கு விளங்கியது ஒன்று. கூரையில் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு, இருக்கக்கூடாத இடைவெளி ஒன்றும் உண்டு. நமது புது வீடுகளில் முதலாவதை அடைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்து விட்டிருக்கின்றார்கள்.

வெக்கை எப்படி இறங்குகிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் மீண்டும் உச்சிக்கு வருகின்றது. அந்நாட்களில் சுவரில் விழும் வெயிலைவிடக் கூரையில் விழும் வெயில் பல மடங்கு அதிகம். தகரம் அடுப்பில் வைத்த தாச்சி போலாகின்றது.

அடுப்புக்கு முன் நிற்கும்போது நெருப்பைத் தொடாமலே நமது முகம் சுடுகின்றது அல்லவா? இடையில் ஒரு தட்டைப் பிடித்தால் உடனே ஆறுகின்றது. சூடான கூரையும் அவ்வாறே தன் வெக்கையைக் கதிராகக் கீழே எறிகின்றது. கூரைக்குக் கீழே விரிக்கும் பளபளப்பான அலுமினியத் தாள் அந்தத் தட்டின் வேலையைச் செய்கின்றது. தொழிலாளர் இதைப் 'போயில்' என்பார்கள், நமது பெண்கள் வெள்ளித்தாள் என்பார்கள். நல்ல பளபளப்பான தாள், கதிராக வரும் வெக்கையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பிவிடும்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாளின் பளபளக்கும் பக்கத்துக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலம் வெறும் காற்று இருக்க வேண்டும். தாளைத் தகரத்தோடும் சீலிங் பலகையோடும் சேர்த்து நெரித்து அடித்தால், அது தகரத்தைத் தொட்டு அதன் சூட்டை அப்படியே கீழே கடத்தும். கொடுத்த காசு வீண். இதுவே இருக்க வேண்டிய முதலாவது இடைவெளி.

பளபளப்பு ஒரு பக்கம் மட்டும் உள்ள தாளானால் அந்தப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். "வெயில் மேலையிருந்து வருகுது, மேலை பார்க்கத்தானே போடவேணும்" என்று சிலர் வாதிடுவார்கள். மேலே பார்த்தால் இரண்டு வருடத்தில் தூசி படிந்து மங்கிவிடும், பிறகு அது வெறும் கடதாசி மாதிரித்தான். கீழே பார்க்கும் முகத்தில் தூசி நிற்காது. பளபளக்கும் முகம் வெக்கையை வாங்கவும் மறுக்கும், கொடுக்கவும் மறுக்கும். ஆகவே கீழே பார்த்தாலும் வேலை செய்யும்.

இரண்டாவது இடைவெளி, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே சேரும் சூடான காற்று வெளியேறுவதற்கான வழி. சூடான காற்று மேலே ஏறும். முகட்டுக்குக் கீழே, இரு பக்கமும் முக்கோணமாய் எழும் சுவர்களில் பூக்கல் வைத்து, தாழ்வாரத்தின் கீழும் சிறிது திறப்பு விட்டால், கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே சூடு போய்விடும். வடிவாக இருக்கும் என்று பூக்கல்லைச் சீமெந்தால் பூசி மூடுகின்றார்கள். மூடவேண்டாம் என்று சொல்லுங்கள். வௌவால், எலி, மரநாய் வரும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்குக் கம்பி வலை அடித்தால் போதும்.

ஒரு பொட்டு போதும்

இனி இருக்கக்கூடாத இடைவெளிக்கு வருவோம். வேலி முழுவதும் கிடுகு நெருக்கமாக அடைத்திருந்தாலும் ஒரு மூலையில் பொட்டு இருந்தால் ஆடு அதனால்தான் வரும். வெக்கையும் அவ்வாறே. றெஜிபோம், பஞ்சுப்பாய் போன்ற தடிப்பான தடுப்புகள் தமக்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றினால்தான் வேலை செய்கின்றன. இரு துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால், வெக்கை அந்த வழியால் இறங்கும். சுவர் ஓரம், கைமரம் வளையில் இருக்கும் இடம், மின்குமிழுக்கு வெட்டிய துவாரம் ஆகியவை வழமையாகப் பொட்டு விடும் இடங்கள். சரியாக வெட்டிப் பொருத்தச் சோம்பல்பட்ட இடங்கள் என்றும் சொல்லலாம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தங்கச்சி இருக்கின்றார். கணவர் 2009 இல் இல்லாமற் போனவர். மாமியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவர் கையில். தையல் மெசின் ஒன்றுதான் வருமானம். பதினொரு மணிக்குப் பின் மெசினில் இருக்க முடியாததால் நாளில் ஐந்து மணித்தியாலம் அவருக்கு நட்டம். பாடசாலைச் சீருடைக் காலத்தில் வந்த துணியைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றார். கடன் எடுத்து, ஒப்பந்தகாரர் ஒருவரைப் பிடித்து, வெள்ளித்தாளோடு சீலிங் போடுவித்தார். வெக்கை குறையவில்லை.

"வெயில் எண்டால் வெக்கை தானே தங்கச்சி" என்று ஒப்பந்தகாரர் சொல்லிவிட்டாராம். சங்கத்திலிருந்து மூன்று பேர் போனோம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஏணியில் ஏறி உள்ளங்கையைச் சீலிங்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டே நகர்ந்தோம். முன் விறாந்தையில் வெதுவெதுப்பு. அறைக்கு வந்ததும் கை சுட்டது. ஒரு பலகையைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தால், விறாந்தைக்கு மேல் மட்டும் தாள் இருந்தது. அதுவும் சுவருக்கு இரண்டு அடி முன்னரே முடிந்திருந்தது. மெசின் இருக்கும் அறைக்கு மேலே ஒன்றுமில்லை. பற்றுச்சீட்டில் முழுக் கூரைக்கும் கணக்கு இருந்தது.

அவரை அழைத்தபோது அவர் முதலில் கேட்டது, "வீட்டிலை ஆம்பிளையள் ஆரும் இல்லையோ? அவையோடை கதைக்கிறன்."

அந்தத் தங்கச்சி சத்தம் வைக்கவில்லை. "பயனாளியும் நான்தான், கடன்காரியும் நான்தான் அண்ணை. கடைசிக் காசும் என்னட்டைத்தான் கிடக்கு. ஏறிப் பாத்திட்டு வந்து கதையுங்கோ" என்றார்.

மனிதர் ஏறிப் பார்த்தார். கையாள் செய்த வேலை என்றார். நான்கு நாளில் வந்து மிச்சத் தாளையும் போட்டு, பழையதையும் ஓர் அங்குலம் இறக்கிக் கட்டித் தந்தார். அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தேன். குளிர்ந்த வீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மணிக்கு அவர் மெசினில் இருந்தார், மாமி அறையில் நித்திரை கொண்டிருந்தார். அந்த ஐந்து மணித்தியாலத்தில் மூன்று திரும்பி வந்திருக்கின்றது. அவருடைய பலம் கடைசிக் கொடுப்பனவைக் கையில் வைத்திருந்தது.

அறைச் சுவருக்கு மேலே

பொட்டு என்றவுடன் வெக்கை மட்டும் அல்ல. சிறிய வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் சுவரைச் சுற்றுச் சுவரின் மட்டத்தோடு நிறுத்தி விடுகின்றார்கள். அதற்கு மேலே முகடுவரை திறந்தபடி. சீலிங் இல்லாத வீட்டில் இந்த வழியால் அடுப்படிப் புகை படுக்கை அறைக்கு வருகின்றது. ஓர் அறையில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கின்றது. ஒருவர் ஏறினால் உள்ளே இறங்கவும் முடியும். ஆண்துணை இல்லாத, வளர்ந்த பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சிறிய விடயமல்ல. என் வீட்டிலும் அப்படித்தான் கட்டித் தந்தார்கள். "மேலை எதுக்கு அக்கா வீண் செலவு" என்றார்கள். நானும் மகளும் இரவில் ஒரு பூனை நடந்தாலும் எழும்பிக் குந்தியிருந்தோம். பிறகு மூன்று வரி கல்லும் முகட்டுக் கோணமும் கட்டி முடித்த இரவுதான் இருவரும் நிம்மதியாக நித்திரை கொண்டோம்.

அறைச் சுவர் முகடுவரை போகட்டும். காற்றுக்கு வெளிச்சுவரில், உயரத்தில், கம்பி அடித்த பூக்கல் இருக்கட்டும். அடுப்படிக்கு மட்டும் புகைபோக்கியோ அகலமான திறப்போ தனியாக வேண்டும்.

காற்றும் மழையும்

தாழ்வாரத்தின் கீழுள்ள பெரிய, ஒழுங்கற்ற திறப்புகளால் புயற்காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். 1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்ட அம்மாமாரைக் கேட்டால் தகரம் எப்படிப் பறந்தது என்று சொல்வார்கள். கைமரம் சுவர்வளையோடும், சுவர்வளை சுவரோடும் இரும்புப் பட்டியாலோ முறுக்குக் கம்பியாலோ கட்டப்பட்டிருக்க வேண்டும். வெறும் ஆணி போதாது. தகரத்தின் ஆணி மேட்டில் அடிக்கப்பட வேண்டும். பள்ளத்தில் அடித்தால் மழைநீர் ஓடும் வழியில் ஓட்டை போட்டதாகும். ஒரு தகரம் மற்றதன் மேல் குறைந்தது ஆறு அங்குலம் ஏறியிருக்க வேண்டும்.

ஈரமரத்தில் கூரை போட்டால் ஒரு வருடத்தில் மரம் காய்ந்து சுருங்கி வளையும். அப்போது ஓடு விலகும், சீலிங் மூட்டு வாய் பிளக்கும். மரத்தை இறக்கும்போதே கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த மரம் பாரம் குறைவு. நன்கு முற்றிய பனைமரத்தில் செய்த சலாகையும் கைமரமும் நமது ஊரில் தலைமுறைகளாக நிற்பவை.

மின்சாரமும் சீற்றும்: கட்டாயக் கவனம்

வெள்ளித்தாள் உலோகம். மின்சாரம் அதில் ஓடும். அவுஸ்திரேலியாவில் 2009 இல் அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் போடும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவசர அவசரமாக வேலை நடந்தது. நான்கு இளந் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தாலும். உலோக ஆணியால் வெள்ளித்தாளை அடித்தபோது உள்ளே ஓடிய மின்வயரில் ஆணி ஏறியதும் அதில் ஒரு காரணம். 2010 பெப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. 2014 இல் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை பயிற்சியும் மேற்பார்வையும் போதாமையைக் காட்டியது. பணக்கார நாட்டிலேயே இந்த நிலை. நமது வீட்டில் ஒருவர் கூரைக்குள் ஏற முன்னர் பிரதான ஆளியை நிற்பாட்டுங்கள். வயர்கள் குழாயினுள் போகட்டும். றெஜிபோம் நேரே வயரில் பட்டால் காலப்போக்கில் வயரின் மேற்தோல் பழுதாகும். அது நெருப்பையும் பிடித்து நச்சுப் புகை கக்கும். விறகடுப்பு உள்ள அடுப்படிக்கு மேலே றெஜிபோம் வேண்டவே வேண்டாம்.

கல்நார் கலந்த அஸ்பெஸ்டஸ் சீற் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சேதமில்லாமல் மேலே கிடக்கும் சீற்றுக்காகப் பயந்து வீட்டைவிட்டு ஓடத் தேவையில்லை. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும் பறக்கும் தூசிதான் ஆபத்து. வேலை நடக்கும்போது பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்புங்கள். நனைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். தூசியைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்தவரின் உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். உடைந்த துண்டை அடுப்புக்கு மறைப்பாகவோ, முற்றத்துச் சேற்றில் போடவோ எடுக்காதீர்கள். பாசி பிடித்த சீற்றைத் தும்புத்தடியால் உரஞ்சுவதும் கூடாது.

நீங்களே பார்க்கக் கூடிய சோதனைகள்

1. உச்சி வெயிலில் கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் கீற்றாக வரும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் சுவரில் குறியுங்கள்.

2. பிற்பகல் இரண்டு மணிக்குச் சீலிங்குக்குக் கிட்ட உள்ளங்கையைப் பிடித்து அறை அறையாக நகருங்கள். ஓரிடத்தில் சூடு கூடினால் அங்கே மேலே ஏதோ குறை.

3. சீலிங்கை முழுதாக மூட முன்னர் ஏறிப் பாருங்கள். உங்களால் ஏற முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை ஏற்றிக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பியுங்கள். மூடிய பிறகு பார்ப்பதானால் ஒரு பலகையாவது கழற்ற வேண்டிவரும். சீலிங் பலகையில் காலை வைக்க விடாதீர்கள், கைமரத்தில்தான் மிதிக்க வேண்டும்.

4. மாரி தொடங்க முன்னர் முகட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவித்து, உள்ளே நின்று ஒழுக்குப் பாருங்கள்.

5. பற்றுச்சீட்டில் எழுதிய சதுர அடியையும் மேலே போட்டிருப்பதையும் நாடா பிடித்து ஒப்பிடுங்கள்.

காசும் கையெழுத்தும்

'வேலை பூர்த்தி' என்று எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்த பின்னர் ஒப்பந்தகாரரைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆகவே வேலை தொடங்க முன்னரே ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள்: எந்தப் பொருள், எத்தனை சதுர அடி, எத்தனை நாள், எத்தனை தவணை. இருவரும் கையெழுத்திடுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் பெருமழை பெய்து முடியும் வரை கையில் வைத்திருப்போம் என்று அதிலேயே எழுதுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். திட்ட வீடானால் அதற்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளைக் கேட்டறிந்து, குறித்து வைத்த பொட்டுகளை அவருக்குக் காட்டுங்கள். வாயால் சொன்னதோடு நிற்காமல் கடிதமாகக் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தனியே கதைக்கத் தயக்கமாயின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு பேரைக் கூட்டிச் செல்லுங்கள். இரண்டு பெண்கள் கூட நின்றால் "ஆம்பிளையள் இல்லையோ" என்ற கேள்வி வருவது குறைவு.

ஒன்றையும் மறக்க வேண்டாம். எல்லா மேசன்மாரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். கூலிக்கு மேலாக நின்று நல்ல வேலை செய்து தந்தவர்களையும் நான் கண்டிருக்கின்றேன். நல்ல வேலைகாரருக்கு நாம் ஏறிப் பார்ப்பதில் கோபம் வராது. அவர்களே ஏணியைப் பிடித்துத் தருவார்கள்.

சீலிங் போடக் காசில்லாதவர்களுக்கு: 2022 இல் சீமெந்தும் கம்பியும் மரமும் விலை ஏறிய பிறகு பலருடைய வேலை பாதியில் நின்றது எனக்குத் தெரியும். தகரக் கூரையின் மேல் கிடுகு வேய்வது இன்றும் நல்ல பலன் தரும். வருடாவருடம் மாற்றவும், அடுப்புத் தீப்பொறி படாமல் பார்க்கவும் வேண்டும். மேற்குச் சுவர்ப் பக்கம் பந்தல் போட்டுக் கொடித்தோடை, அவரை ஏற்றுங்கள். முருங்கை, வேம்பு விரைவில் நிழல் தரும். பகலில் சூடேறிய வீட்டுக்கு மாலையானதும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விடுங்கள். பாதுகாப்புக் கருதித் திறக்க அஞ்சுபவர்கள் யன்னலுக்குக் கம்பி அடிப்பதை சீலிங்குக்கு முதலே செய்யுங்கள். காசு குறைவாக இருந்தால் வெள்ளித்தாளை முழு வீட்டுக்கும் அரைகுறையாகப் போடாமல், பகலில் நீங்கள் அதிகம் இருக்கும் ஓர் அறைக்கு மூலை முடுக்கு விடாமல் போடுவியுங்கள். அடுத்த அறையை அடுத்த வருடம் பார்க்கலாம்.

இம்மாதம் ஒரு நாள், பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரம், கதவைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள். எத்தனை பொட்டுகள், எந்தெந்த இடத்தில் என்று எழுதி அனுப்புங்கள். வருகின்ற கடிதங்களைப் பார்த்து, ஒழுக்குக் கூரையைக் குறைந்த செலவில் திருத்துவது பற்றி அடுத்த மாதம் எழுதுகின்றேன்.